செக்ரோலும் ஒரு பாடந்தான்

(பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான தோட்டத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் திருகோணமலைக்கு வந்திருந்தபோது ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே தரப்படுகிறது.)

ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். சிலர் மலையில் போட்ட ஸ்வெட்டரை இன்னும் கழற்றவில்லை. இது திருகோணமலை, கழற்றிவிட்டு வசதியாக உட்காருங்கள்.

காலையில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார். "புள்ளைக்கு மனேஜ்மென்ட் கெடச்சிருக்காம். அதோட கம்ப்யூட்டரும் படிக்கணுமாம். டாக்டர் படிப்புன்னா வெளங்குது, டீச்சர் படிப்புன்னா வெளங்குது. இது என்னா படிப்புங்க?" நியாயமான கேள்வி. நாலு வருஷம் பிள்ளையை இவ்வளவு தூரம் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அது தெரியத்தான் வேண்டும்.

நீங்கள் பார்க்கப்போகிற இடம் நிலாவெளிப் பக்கம், கோணேசபுரியில் இருக்கிறது. 1990களில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக இருந்து, 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமாக ஆனது. அங்கே வணிகம், முகாமைத்துவம் சொல்லித்தருகிறார்கள். அதோடு சேர்ந்து வருவதுதான் தகவல் முறைமை. பெயர் பெரிசு. விசயம் நமக்குப் பழக்கமானது.

தோட்டத்தில் நாம் எப்படிப் பேசுகிறோம்? "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" "அரைப்பேர்தான் போட்டாங்க." ஒரு நாள் உழைப்புக்கே நாம் வைத்த சொல் 'பேர்'. எவ்வளவு கொழுந்து எடுத்தாலும் புத்தகத்தில் பேர் விழாவிட்டால் அந்த நாள் இல்லை. பிரட்டுக்களத்தில் பேர், மடுவத்தில் நிறுவை, செக்ரோலில் பதிவு, ஆபீசில் கணக்கு, மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு. இதைத்தான் பிள்ளைகள் அங்கே தகவல் முறைமை என்று படிக்கப்போகிறார்கள். ஒரு விபரம் எங்கே பிறக்கிறது, யார் கையால் எழுதப்படுகிறது, யார் சரிபார்க்கிறார், கடைசியில் யாருக்குப் பயன்படுகிறது என்பதுதான் பாடம். கம்ப்யூட்டர் அதற்கு ஒரு கருவி.

என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். வேலையை விட்ட பிறகு சேமலாபப் பணம் கேட்டு எழுதினோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர். அடையாள அட்டையில் ஒரு எழுத்து மாறின பேர். சேமலாபப் பதிவில் லயத்தில் கூப்பிடுகிற பேர். மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று காட்ட கிராம சேவகர் கடிதம், சத்தியக் கடதாசி, தோட்டத்துக் கடிதம் என்று ஒன்றரை வருஷம் அலைந்தோம். அம்மா ஒரு தடவை சொன்னார், "நான்தான் நானுன்னு சொல்றதுக்கு இத்தனை பேர் கையெழுத்தா?" அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

இந்தப் படிப்பில் ஆரம்பத்திலேயே சொல்லித்தருகிற ஒரு விதி இருக்கிறது. ஆளைப் பேரை வைத்து அடையாளம் காணாதே, மாறாத ஒரு இலக்கத்தை வைத்துக் காண். அதைப் பிரைமரி கீ என்பார்கள். சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை இலக்கம் அப்படிப்பட்ட ஒரு சாவி. சாவி சரியாக இருந்தால் பேரில் ஒரு எழுத்து பிசகினாலும் ஆள் தொலைந்துபோக மாட்டார்.

சேமலாபம் என்றதும் கணக்கு ஒன்று. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியிடம் நூற்றுக்கு 8, முதலாளியிடம் நூற்றுக்கு 12. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் நூற்றுக்கு 3. இவைதான் குறைந்த அளவு. அப்படியானால் 1,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்கள் கழிவு 80 ரூபாய்; உங்கள் பேரில் சேரவேண்டியது 120ம் 30ம் கூட்டி 230 ரூபாய். முதல் வருஷப் பிள்ளை கம்ப்யூட்டரில் இதை ஒரு அட்டவணையாகப் போட்டுக் காட்டும். உங்கள் பழைய சம்பளச் சீட்டுகளை ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால், வருஷம் வருஷமாகச் சரிபார்த்தும் காட்டும். அதற்குத்தான் கேட்கிறேன், சீட்டைக் கிழித்து அடுப்பு மூட்டாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று நம்ம ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. மடுவத்தில் 18 கிலோவை 13 என்று பதிந்தால், கம்ப்யூட்டர் 13ஐத்தான் அழகாக அச்சடித்துக் கொடுக்கும். சில தோட்டங்களில் இலத்திரனியல் தராசு வந்திருக்கிறது, நல்லது. ஆனால் இலக்கம் பதிவாகும் முன் கொழுந்தெடுத்தவர் கண்ணுக்குத் தெரிகிறதா? கையில் துண்டு கிடைக்கிறதா? மடுவத்தில் எல்லோரும் நிறுத்த மொத்தமும் ஃபெக்டரியில் நிறுத்த மொத்தமும் ஒத்துப்போகிறதா? வழியில் ஈரம் காய்வதால் கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும். எவ்வளவு வரலாம், எதற்கு மேல் போனால் கேள்வி கேட்கவேண்டும் என்பதுதான் படிப்பு. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. இது தெரிந்த பிள்ளைக்குப் புத்தகத்து உதாரணம் தேவையில்லை.

அந்தத் தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883இல் தொடங்கி, ஒரு மண்டபத்தில் கூடி விலையைக் கூவித்தான் ஏலம் நடந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்ததும் அதைச் சில நாட்களுக்குள் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். 137 வருஷப் பழக்கம்! இப்படி மாற்றுகிற வேலைக்கு ஆள் வேண்டாமா? தேயிலையைப் பிறந்த நாள் முதல் தெரிந்த நம்ம பிள்ளை ஏன் அந்த ஆளாக இருக்கக்கூடாது?

நிர்வாகப் பாடத்துக்கு இந்தத் துறைமுகத்தையே பாருங்கள். கந்தளாய் தாண்டி வரும்போது வளைகுடாவை ஒட்டிப் பெரிய மாவு ஆலையைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது பிரிமா ஆலை, 1977இல் அரசாங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி கட்டியது. கோதுமை கப்பலில் வருகிறது, இங்கே அரைபடுகிறது, லொறியில் ஏறி நாட்டுக்குள் போகிறது. நாம் லயத்தில் தட்டுகிற ரொட்டியில் திருகோணமலை மாவு எத்தனையோ தடவை சேர்ந்திருக்கும். கையிருப்பு எவ்வளவுக்குக் குறையும்போது மறுபடி வாங்கச் சொல்லவேண்டும்? தோட்டத்துக் கடையில் வாரம் 3 மூட்டை போகிறது, லொறி வர 2 வாரம் ஆகும் என்றால், 6 மூட்டை இருக்கும்போதே சொல்லியாகவேண்டும். லொறி பிந்தினால் சமாளிக்க இன்னும் 2 மூட்டை. ஆக 8. கணக்கு இவ்வளவுதான். இது பிசகினால் என்ன ஆகும் என்று 2022இல் மாவுக்கு அலைந்த நமக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வருஷம் டொலர் தட்டுப்பாடு, உலகச் சந்தை விலை என்று வேறு காரணங்களும் இருந்தன. அவையும் பாடத்தில் வரும்.

சரி, கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். படிப்பு இங்கிலிஷில். தமிழில் வர்த்தகம் படித்து நல்ல புள்ளி எடுத்த பிள்ளை முதல் ஆறு மாதம் அழும். போனில் "அம்மா, எனக்கு ஏலாது, வந்துடுறேன்" என்று சொல்லும். அப்போது "சரி வா" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். திட்டவும் வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்டு, வாரக் கடைசியில் மறுபடி பேசுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தாண்டிப்போகிற காய்ச்சல்தான்.

இன்னொரு குறை கேட்டேன். "லீவுக்கு வந்தாலும் எந்த நேரமும் போனும் புத்தகமுமாத்தான் இருக்கு, ஒரு கை வேலை இல்ல." இதற்கும் ஒரு கணக்கு உண்டு. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150 மணி. வகுப்பில் இருப்பது 45 மணி அளவுதான். மிச்சம் நூறு மணிக்கு மேல் பிள்ளை தானாக வாசிக்கவும் ஒப்படை எழுதவும் வேண்டும். அப்படி நாலைந்து பாடம் ஒரே அரையாண்டில் வரும். ஆகவே பிள்ளை சும்மா இருக்கவில்லை. லயத்தில் ஒரு மூலையும் ஒரு பல்பும் அதற்கு ஒதுக்கிக் கொடுங்கள். லெப்டொப் வாங்குகிறோம் என்று வட்டிக்குப் பணம் எடுக்காதீர்கள். வளாகத்துக் கம்ப்யூட்டர் அறையில் முதல் வருஷத்தை ஓட்டலாம். மகாபொல புலமைப்பரிசில் 1981இலிருந்து இருக்கிறது. அது கிடைக்காதவர்களுக்கு உதவுதொகையும் இருக்கிறது. இரண்டுக்கும் வருமானம் காட்டவேண்டும், உரிய நாளில் விண்ணப்பிக்கவேண்டும்.

அதற்காகத்தான் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் நாலையும் கொண்டுவரச் சொன்னோம். நாலிலும் பிள்ளையின் பேர் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா? என் அம்மா அறுபது வயதில் அலைந்ததை உங்கள் பிள்ளை இருபது வயதில் அலையவேண்டாம். பின்னால் அந்த மேசையில் போன வருஷம் சேர்ந்த நம்ம பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பாடு வர இன்னும் முக்கால் மணி இருக்கிறது. வரிசையாக வாருங்கள், பார்த்துவிடலாம். பேர் மாறியிருந்தால் பயப்படவேண்டாம், திருத்துவதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று அவர்களே எழுதித்தருவார்கள்.