தோத்தா வரிசையின் கடைசிக்கு: மூணு நிமிஷ செஸ்ஸும் ஒரு நோட்டும்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு அப்புறம் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. "தினமும் ஆன்லைன்ல பிளிட்ஸ் ஆடறேன், ரேட்டிங் நகரவே மாட்டேங்குது, என்ன பண்றது?" முதல்லயே சொல்லிடறேன், நான் கோச் கிடையாது. 41 வயசு, மந்தைவெளியில வீடு, தரமணியில ஆபீஸ், பறக்கும் ரயில்ல போகும்போது போன்ல செஸ் ஆடற ஆள். ஆனா அதே சுவத்துல ரெண்டு வருஷம் முட்டிக்கிட்டு நின்னவன்ங்கிற ஒரு தகுதி இருக்கு.

நான் ஆடினது 3+0. ஆளுக்கு மூணு நிமிஷம், நகர்த்தலுக்குக் கூடுதல் வினாடி எதுவும் கிடையாது. ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு 1340ல உட்கார்ந்தேன். முதல் ஆட்டம் ஜெயிக்க வேண்டியது, நேரம் தீர்ந்து தோத்துட்டேன். காண்டாயிடுச்சு. 'புதிய ஆட்டம்' பட்டனை அழுத்தினேன். மறுபடி தோல்வி, மறுபடி அழுத்தல். 2:20க்கு போனைக் கீழே வைக்கும்போது 1190. ஏறக்குறைய 40 ஆட்டம் ஆடியிருக்கேன், ஒண்ணுகூட ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை 6 மணிக்கு என் பொண்ணுக்கு நீச்சல் கிளாஸ், நான்தான் கூட்டிட்டுப் போகணும். எழுந்தப்ப ஏழேகால். அவ பையை மாட்டிக்கிட்டு வாசக்கதவு பக்கத்துல தரையில உட்கார்ந்திருந்தா. எழுப்பலையாம்மான்னு கேட்டேன். "ரெண்டு தடவை எழுப்பினேன்ப்பா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அன்னிக்கே ஆப்பை டெலீட் பண்ணேன். நாலு நாள் கழிச்சு மறுபடி ஏத்தினேன், அதையும் மறைக்கலை.

அந்த நாலு நாள்ல ஒரு விஷயம் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. நம்ம ஊர்ல வேகமா செஸ் ஆடறதுக்குப் பேர்போன இடம் டால் செஸ் கிளப். 1972ல மானுவல் ஆரோன் தொடங்கினது. 1961லயே இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர், இந்தியாவுல முதல் ஆள். கிளப் நடந்தது சோவியத் கலாசார மையத்துல. இப்போ கஸ்தூரி ரங்கா சாலையில ரஷ்ய மையம்னு சொல்றோமே, அதோட பழைய பேர். ஆனந்த் சின்னப் பையனா அங்கே போய் பிளிட்ஸ் ஆடினதை அவரே பல பேட்டிகள்ல சொல்லியிருக்கார். அங்கே ஜெயிச்சவர் போர்டுலயே இருக்கலாம், தோத்தவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகணும்.

இதை எல்லாரும் "தோக்கக் கூடாதுங்கிற வெறி"ன்னுதான் சொல்வாங்க. எனக்கு வரிசைதான் முக்கியமாப் பட்டுது. தோத்தவனுக்கு அடுத்த ஆட்டம் உடனே கிடைக்காது. நிக்கணும், மத்தவங்க ஆடறதைப் பார்க்கணும். தன் குதிரை எங்கே போச்சுன்னு மனசுல ஓட்டிப் பார்க்க நேரம் இருக்கும். போன்ல அந்த வரிசை இல்லை. தோத்த அடுத்த வினாடி உலகத்துல எங்கேயோ ஒருத்தர் தயாரா இருக்கார். நான் பயிற்சின்னு நினைச்சுக்கிட்டிருந்தது வெறும் செலவு.

அதனால ஒரு வரிசையை நானே உண்டாக்கிக்கிட்டேன். தோத்தா, நோட்டுல ஒரு வரி எழுதாம அடுத்த ஆட்டம் கிடையாது. தொடர்ந்து ரெண்டு தோல்வின்னா அன்னிக்குக் கடை மூடியாச்சு.

எழுதறதுக்கு முன்னாடி பழைய தோல்விகள் 50 எடுத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் இன்ஜினைப் போடாம, முதல்ல நானா. குகேஷை ரொம்ப நாள் இன்ஜின் பக்கமே போகவிடாம வளர்த்தார் அவரோட பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. அந்தப் பையன் 2024 டிசம்பர்ல 18 வயசுல உலக சாம்பியன். நமக்கு அந்த லட்சியம் வேண்டாம், ஆனா தப்பை நாமே கண்டுபிடிச்சாதான் ஞாபகம் நிக்கும்ங்கிறது 1340க்கும் பொருந்துது.

50ல என்ன தெரிஞ்சுதுன்னா, 21 ஆட்டத்துல ஏதோ ஒரு காயைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கேன். 19 ஆட்டம் நேரம் தீர்ந்து போனது, அதுல 11ல நான்தான் நல்ல நிலைமையில இருந்திருக்கேன். ஓப்பனிங்ல மாட்டினது வெறும் 6. நான் ஒரு வருஷமா ராத்திரி ராத்திரி பார்த்தது என்ன? ஓப்பனிங் வீடியோ! தலைவலிக்கு மூட்டுவலித் தைலம் தேய்ச்ச கதை.

காய் கொடுக்கறதுக்கு மருந்து ரயில்ல. மந்தைவெளியில ஏறினா தரமணிக்குள்ள புதிர்தான், ஆட்டம் இல்லை. கஷ்டமான புதிர் வேண்டாம். ஒரு குதிரை ரெண்டு காயைத் தாக்கறது, ராணி பின்னாடி மாட்டிக்கிட்ட பிஷப், கடைசி வரிசை மேட். பார்த்த உடனே கை போற அளவுக்கு, அதே வகை திரும்பத் திரும்ப. பிளிட்ஸ்ல யோசிக்கறதுக்கு நேரம் இல்லை, அடையாளம் தெரியணும், அவ்வளவுதான்.

நேரப் பிரச்சினைக்கு முதல்ல 3+0வை விட்டு 3+2க்கு மாறினேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 வினாடி கூடும். 60 நகர்த்தல் போனா ரெண்டு நிமிஷம் சேரும். ஆனா உண்மையில உதவினது வேற. இந்தத் தளங்கள்ல ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எவ்வளவு நேரம் எடுத்தோம்ங்கிற கணக்கு இருக்கும். 15வது நகர்த்தல்ல எவ்வளவு மிச்சம்னு பார்த்தேன். பல ஆட்டத்துல ஒரு நிமிஷம்கூட இல்லை! ஆறாவது ஏழாவது நகர்த்தல்ல, எது ஆடினாலும் பரவாயில்லைங்கிற இடத்துல, 25 வினாடி யோசிச்சிருக்கேன். அதுக்கப்புறம் கறுப்புக்கு காரோ-கான், வெள்ளைக்கு இத்தாலியன்னு ஒண்ணு ஒண்ணோட நிறுத்திக்கிட்டேன்.

இன்னொண்ணு வெட்கமா இருக்கும், ஆனா செஞ்சு பாருங்க. ராஜாவும் ஒரு யானையும் வெச்சுக்கிட்டு, எதிர்ல வெறும் ராஜா, கடிகாரத்துல 20 வினாடி, கம்ப்யூட்டரோட. சரியா ஆடினா 16 நகர்த்தலுக்குள்ள மேட். எனக்கு முதல் பத்து தடவையும் நேரம் தீர்ந்துச்சு. மூணு வாரம் தினமும் அஞ்சு தடவை பண்ணேன்.

நிஹால் சரின் மாதிரி ஆளுங்க ஆன்லைன்ல எக்கச்சக்கமா ஆடித்தானே வந்தாங்கன்னு ஒரு நண்பர் கேட்டார். சரிதான். அவருக்கு நம்ம சென்னை கிராண்ட்மாஸ்டர் ஸ்ரீநாத் நாராயணன் பயிற்சியாளரா இருந்தார். எனக்கு 12 ரூபா நோட்டு. வயசாயிடுச்சேன்னு கவலைப்படறவங்களுக்கும் ஒண்ணு: ஆனந்த் ரியாத்ல உலக ரேபிட் பட்டம் ஜெயிச்சது 2017 டிசம்பர்ல, அப்போ அவருக்கு 48.

ஏழு மாசத்துல 1560. நடுவுல மார்கழியில ஒரு ராத்திரி விதியை மீறி 90 புள்ளி போச்சு, மீட்க மூணு வாரம் ஆச்சு.

நேத்து ரெண்டு தோல்வி. ரெண்டாவதுக்கு நோட்டுல எழுதினது: "மேட் இருந்துச்சு, ராணியைப் பிடிக்கப் போனேன்." போனை ஹால்ல சார்ஜ்ல போட்டேன். மணி 10:40. காலையில நீச்சலுக்குப் போற வழியில பொண்ணு கேட்டா, "நேத்து எத்தனைப்பா?" சொன்னேன். "அய்யோ"ன்னு சிரிச்சா.

உங்க 50 தோல்வியில என்ன கிடைச்சுதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.