பெட்டகமும் திறவுகோலும்



வவுனியாவிலிருந்து மாங்குளம் நோக்கி ஏ9 வீதியிற் செல்வோர் கனகராயன்குளத்தைக் கடந்தே செல்வர். அப்பகுதியில் 2009இல் முடிவுற்ற போரின்போது இடம்பெயர்ந்த மக்களுட் பலர், காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்தனர். ஏடு இழந்தவன், தன் காணியையும் தன் பெயரையுமே மெய்ப்பிக்க அலைய நேர்ந்தது. ஆகவே, ஆவணம் எங்கே இருக்கின்றது, யார் கையில் இருக்கின்றது என்னும் வினா வன்னி மக்களுக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று.

இன்று அவ்வாவணங்களின் படங்கள் கைத்தொலைபேசியிற் குடியிருக்கின்றன. அவற்றின் படிகளோ கடல் கடந்த சேமிப்பகங்களிலும் இருத்தல் கூடும். இந்நிலையில் அரசுகள் இருவகை ஆணைகளைப் பிறப்பிக்கின்றன.

முதலாவது, தரவு நாட்டினுள்ளேயே இருத்தல் வேண்டும் என்பது. பணக்கொடுப்பனவுத் தரவுகளை இந்தியாவிலேயே சேமிக்குமாறு அந்நாட்டு ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலிற் பணித்தது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நிறைவேறிய வேளையில், அரச நிறுவனங்கள் தம்மிடமுள்ள தனிப்பட்ட தரவை, விலக்களிக்கப்பட்டாலன்றி, நாட்டினுள்ளேயே கையாளவேண்டுமென விதித்தது.

இரண்டாவது, கருவியில் இன்ன செயலி இருத்தல் வேண்டும் என்பது. ரஷ்யாவில் இத்தகைய சட்டம் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 'சஞ்சார் சாத்தி' என்னும் செயலியைப் புதிய கருவிகள் அனைத்திலும் முன்கூட்டியே பதிக்குமாறு 2025 நவம்பரில் ஆணை பிறந்தது. களவையும் மோசடியையும் தடுப்பதே நோக்கம் என அரசு கூறிற்று. அந்தரங்கத்துக்கு ஊறு நேருமென எதிர்ப்பு எழவே, டிசம்பர் 3ஆம் நாள் அக்கட்டாயம் கைவிடப்பட்டது.

அரசின் நோக்கம் நன்றாயிருத்தல் கூடும். ஆனால், நாட்டினுள் வைத்தது யாவும் காப்புடையது ஆகிவிடுமா? 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் முகிற் கணினித் தொகுதி தாக்குதலுக்குள்ளாயிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அக்காலத்துக்குரிய மறுபடி வேறிடத்தில் வைக்கப்பட்டிருக்கவில்லை. பெட்டகம் சொந்த வீட்டில் இருந்தும் பொருள் போயிற்று.

குளத்து நீரைக் காப்பது அணைக்கட்டு மட்டுமன்று. துருசு எந்நாளிற் திறக்கப்படும், எவ்வளவு நீர் விடப்படும் என்பதைக் கமக்காரர் கூடியிருக்கும் கூட்டத்திலே தீர்மானிக்கின்றனர். தரவுக்கும் அதுவே நெறி. பெட்டகம் எந்நாட்டில் இருக்கின்றது என்று கேட்பதோடு குடிமகன் அமைதல் ஆகாது. திறவுகோல் யாரிடம் உள்ளது, எச்சட்டத்தின்படி அது திருப்பப்படும், பொருள் போனால் யார் பொறுப்பு என்னும் மூன்றையும் அவன் கேட்டல் வேண்டும். ஒருமுறை ஏடுகளை இழந்த மக்களுக்கு அவ்வாறு கேட்கும் உரிமை மிகுதியும் உண்டு.