தோட்டா அறையில் அழுக்கும் சொரசொரப்பும்



கருவிகளைப் பேணும் முறையைப் பற்றி இன்று பேசப் போகிறோம். எடுத்துக்கொண்ட கருவி தோட்டத்து வீடுகளில் இருப்பதன்று, இருக்கவும் கூடாது. குறிசுடும் போட்டிகளில் பயன்படும் சிறிய கைத்துப்பாக்கி அது. துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று அடுப்படியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்கள் நினைக்கலாம். 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய இராணுவ வீரர் விஜய் குமார் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2018-ஆம் ஆண்டு கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் மலேசியாவின் அலியா சசானா, பெண்களுக்கான 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெண்கலம் வென்றார். இருவர் கையிலும் இருந்தது 5.6 மில்லிமீட்டர் தோட்டா போடும் இத்தகைய துப்பாக்கிதான். நம் பிள்ளைகளும் சுடும் சங்கங்களில் சேரலாம். காவல் துறையிலோ இராணுவத்திலோ சேர்ந்து இவ்விளையாட்டுக்கு வரலாம். பிள்ளை கையாளும் பொருளைப் பற்றிப் பெற்றோரும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லதல்லவா?

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமோ அனுமதியோ இல்லாமல் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. வெடிக்காமல் போன ஒரே ஒரு தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தாலும் வம்புதான். ஆகவே நாம் சொல்லப் போகும் வேலைகள் எல்லாம் சங்கத்தில், பயிற்சியாளரின் கண் முன்னே செய்ய வேண்டியவை.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தத் துப்பாக்கியில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று உண்டு. தோட்டா அறைக்குள் முழுமையாகப் போய் உட்காராது. அல்லது சுட்ட பிறகு வெறுங்கூடு வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். விரைவுச் சுடுதலில் ஐந்து இலக்குகளை 8 நொடியில் சுட வேண்டும். பிறகு 6 நொடியில். கடைசியில் 4 நொடியில். அந்த 4 நொடிக்குள் ஒரு கூடு சிக்கிக்கொண்டால் மாதக் கணக்கில் செய்த பயிற்சி வீணாகும். அதைவிடப் பெரியது உயிர்ச் சேதம், கண் சேதம். அதையும் பிறகு சொல்வோம்.

இந்தக் கோளாறு ஏன் வருகிறது? அதற்குத் தோட்டாவின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெல்லிய பித்தளைக் கூடு. அதன் அடியில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பு. அந்த விளிம்பின் உட்குழிவில்தான் தீப்பற்றும் மருந்து இருக்கிறது. ஊசி விளிம்பில் தட்டியவுடன் மருந்து பற்றிக்கொள்கிறது. அதனால் இதை விளிம்பு வெடித் தோட்டா என்கிறோம். கூட்டின் வாயில் சுமார் 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு இருக்கிறது. குண்டின் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு வெளியே தெரியும்படி இருப்பதால் தூசியும் மணலும் அதில் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு முறை சுடும்போதும் எரிந்த மருந்தின் கரி, உருகிய மெழுகு, ஈயத் துகள் மூன்றும் கலந்து அறைச் சுவரில் படிகின்றன. ரப்பர்ப் பால் எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மங்கில் ஒரு நாள் ஒட்டிய பால் மெல்லிய தோல்தான். துடைக்காமல் விட்டால் அதன்மேல் அடுத்த நாள் பால், அதற்கும் மேல் அடுத்த நாள் பால் என்று தடித்துப் போகிறது. தோட்டா அறையிலும் அப்படியே. ஆனால் அங்கே கூட்டுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் பருமன் அளவுதான். கொஞ்சம் படிந்தாலே இடம் அடைத்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இத்தகைய துப்பாக்கிகளில் அறையின் கதவாக நிற்கும் பகுதிக்குப் பூட்டுக் கிடையாது. வெடிக்கும்போது கூடே பின்னால் தள்ளி அந்தக் கதவைத் திறக்கிறது. சுருள்வில் அதை மீண்டும் முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. சிறிய தோட்டாவின் சிறிய பலத்தில் நடக்கும் வேலை இது. உராய்வு கொஞ்சம் கூடினாலும் வேலை பாதியில் நின்றுவிடும்.

கோளாறு வந்ததும் பலர் செய்வது என்ன? "அறை சொரசொரப்பாக இருக்கிறது, தேய்த்துவிடு" என்கிறார்கள். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். சொரசொரப்பு இரண்டு வகை. ஒன்று அழுக்கால் வருவது. மற்றொன்று இரும்பிலேயே ஏற்பட்ட காயம். அழுக்கைத் துடைத்தால் போகும். காயத்தைத் துடைத்தால் போகாது. அழுக்கைக் காயமென்று எண்ணி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், இல்லாத காயத்தை நாமே உண்டாக்குகிறோம். மருந்தடிக்கும் பம்பின் நோசல் அடைத்துக்கொண்டால் கம்பி விட்டுக் குத்தாதே, தூரிகையால் கழுவு என்று சொல்கிறோமே, ஏன்? துளை பெரிதாகிவிட்டால் மறுபடி சிறிதாக்க முடியாது. தோட்டா அறையும் அப்படித்தான். பெரிதாகிவிட்ட அறையில் பித்தளைக் கூடு அளவுக்கு மீறி உப்பும், பிளந்தும் போகும். பிறகு குழலையே மாற்ற வேண்டும்.

அழுக்கா, காயமா என்று கண்டுபிடிப்பது எப்படி? முதற்படி, அறையை நன்றாகச் சுத்தம் செய்து, உலரத் துடைத்துவிட்டுச் சுட்டுப் பார்ப்பது. ஒரு பெட்டியில் 50 தோட்டா இருக்கும். சுத்தம் செய்தவுடன் ஒழுங்காக வேலை செய்து, பெட்டிகள் தீரத் தீரச் சிக்கத் தொடங்கினால் அது அழுக்கு. சுத்தம் செய்த பிறகு முதல் தோட்டாவிலிருந்தே சிக்கினால் வேறு காரணம் உண்டு.

அப்போது இரண்டாம் படி. தோட்டா அடுக்கும் மேகசினை மாற்றிப் பாருங்கள். அதன் வாய் வளைந்திருந்தாலும் தோட்டா கோணலாக ஏறும். அடுத்து வேறு வகைத் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். இரண்டையும் மாற்றிக் கோளாறு தீர்ந்தால், எதனால் தீர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தேதி, தோட்டாவின் வகை, எத்தனையாவது தோட்டாவில் சிக்கியது என்று குறித்து வாருங்கள். மேகசின்களுக்கு எண் போட்டு வையுங்கள். அந்தக் குறிப்பு பத்துப் பேருடைய ஊகத்தைவிட மேலானது.

மூன்றாம் படி, வெறுங்கூட்டைப் பார்ப்பது. சுட்ட கூடு ஒரு சாட்சி மாதிரி. நோயாளியின் நாக்கைப் பார்த்து வைத்தியர் கணிப்பதுபோல, கூட்டைப் பார்த்து அறையின் நிலையைக் கணிக்கலாம். கூட்டின் உடலில் ஒரே இடத்தில், ஒவ்வொரு கூட்டிலும், நீளவாக்கில் கீறல் விழுந்திருந்தால் அறையின் வாயிலோ சுவரிலோ ஒரு பிசிறு இருக்கிறது. புள்ளி புள்ளியாகத் தடம் பதிந்திருந்தால் துரு தின்ற குழி இருக்கலாம். ஏனென்றால் வெடிக்கும் நேரத்தில் கூடு உப்பிச் சுவரோடு ஒட்டுகிறது. சுவரில் உள்ள குழியெல்லாம் அதன்மேல் பதிகிறது. அந்தக் குழிகளே கூட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே விட மறுக்கின்றன.

அறையின் வாயில் பிசிறு எப்படி வருகிறது? தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்துப் பழகுவதால் வருவதுண்டு. ஊசி தட்ட வேண்டிய இடத்தில் விளிம்பு இருந்தால் அடியை அது தாங்கிக்கொள்ளும். விளிம்பு இல்லாதபோது சில துப்பாக்கிகளில் ஊசி அறையின் ஓரத்து இரும்பிலேயே தட்டும். தட்டத் தட்ட இரும்பு நசுங்கி உள்ளே பிதுங்கும். அறைக்குள் ஒரு சின்ன மேடு. அதுவே தோட்டாவை வழிமறிக்கும். வெறும் விசைப் பயிற்சிக்கு எந்தத் துப்பாக்கி ஏற்றது, எது ஏற்றதன்று என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிசிறு வந்துவிட்டால் அரம் போடக் கூடாது. பிதுங்கிய இரும்பைத் திரும்ப அதன் இடத்துக்கே அழுத்தி அனுப்பும் தனிக் கருவி, துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் உண்டு.

இன்னொரு பழைய கோளாறும் சொல்லத்தக்கது. 2004-ஆம் ஆண்டு வரை விரைவுச் சுடுதல் போட்டியில் குட்டைத் தோட்டா பயன்பட்டது. அதன் பிறகு நீளத் தோட்டாதான். நீளத் தோட்டாவுக்கான அறையில் குட்டைத் தோட்டாவை நிறையச் சுட்டால், கூடு எட்டாத முன்பகுதியில் வளையம்போல் கரி படியும். பிறகு நீளத் தோட்டாவைப் போட்டால் அந்த வளையத்தில் இடித்து நிற்கும். பார்ப்பவர் அறை கெட்டுவிட்டது என்பார். கெட்டது ஒன்றுமில்லை. ஊறவைத்துத் துலக்கினால் சரியாகிவிடும்.

துலக்கும் முறையைச் சொல்வோம். மேகசினை வெளியே எடுங்கள். கதவைப் பின்னால் இழுத்து நிறுத்தி, அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒரு தோட்டாவும் இருக்கக் கூடாது. துப்பாக்கி துலக்கும் திராவகத்தை வெண்கலத் தூரிகையில் தொட்டு அறையில் பூசிச் சிறிது நேரம் ஊற விடுங்கள். அவசரப்பட்டுத் தேய்ப்பதைவிட ஊறவைப்பது மேல். பிறகு தூரிகையை மெதுவாகத் திருப்பித் துலக்குங்கள். கூடியவரை பின்பக்கமாகவே துலக்க வேண்டும். குழலின் முன்வாயைக் கம்பி உரசினால் குறி தவறும். எஃகுத் தூரிகை, உப்புத்தாள், எந்திரத்தில் சுழற்றும் அரைப்புப் பசை ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். கடைசியில் சுத்தமான துணித் துண்டு கறையில்லாமல் வரும்வரை துடையுங்கள்.

நம் நாட்டு ஈரக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கை வேர்வையின் உப்பும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. ஆகவே எடுத்து வைக்கும்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும். சுடுவதற்கு முன் அறையிலுள்ள எண்ணெயை முழுவதும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் கசிந்தால் அழுக்கைச் சேர்க்கும். தோட்டாவின் மருந்தையும் கெடுக்கும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதில் போட்டே நாள் கணக்கில் வைக்கக் கூடாது.

இப்போது ஆபத்தைப் பற்றி. தோட்டா முழுவதும் உள்ளே போகாத நிலையில் வெடித்தால் வெளியே நிற்கும் மெல்லிய பித்தளையைத் தாங்க எதுவும் இல்லை. அது கிழிந்து, சூடான வாயுவும் பித்தளைத் துண்டும் முகத்தை நோக்கி வரும். எனவே கண்ணாடி அணியாமல் யாரும் சுடக் கூடாது. பாதி உள்ளே போன தோட்டாவைக் கையால் குத்தித் தள்ளவும் கூடாது. திருப்புளியால் நெம்பவும் கூடாது. மருந்து விளிம்பிலே இருக்கிறது என்று முன்னரே சொன்னோம். நெம்புகிற இடமும் அதே விளிம்புதான்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழல் இலக்கை நோக்கியபடியே இருக்கட்டும். குறைந்தது 30 நொடி பொறுங்கள். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிப்பதுண்டு. துப்பாக்கி பிடிக்காத கையை உயர்த்தி அதிகாரியை அழையுங்கள். போட்டி விதியும் இதையே சொல்கிறது. அதிகாரி பார்ப்பதற்கு முன் சுடுபவர் கதவையோ விசை அமைப்பையோ தொட்டுவிட்டால் கோளாறுக்கான சலுகை கிடைக்காது. வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த குண்டு அதன்மேல் மோதினால் குழல் உப்பிவிடும்.

நிறைவாக, தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சுடுமிடத்தின் புகையிலும் தூசியிலும் ஈயம் இருக்கிறது. ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பயிற்சி முடிந்து வரும் பிள்ளை கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். அந்த உடையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். துலக்கிய கந்தைத் துணி சங்கத்துக் குப்பைத் தொட்டியோடு போகட்டும். வெறுங்கூடு பளபளப்பாக இருக்கிறது என்று தம்பி தங்கைக்கு விளையாடக் கொண்டு வர வேண்டாம். குழந்தை அதை வாயில்தான் வைக்கும்.

கத்தியைத் தீட்டத் தெரியாதவன் மரத்தைப் புண்ணாக்குவான் என்பது பால் வெட்டியவர்கள் அறிந்தது. துப்பாக்கியிலும் அதே ஒழுங்குதான். முதலில் பாருங்கள். பிறகு துடையுங்கள். துடைத்தும் தீராவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். தேய்ப்பது நம் வேலையன்று.