உள்ளே கை வைத்தவரிடம் திறப்பு

(தோட்டத் தொழிற்சாலை முற்றத்தில் தொழிலாளர் குடும்பங்களிடையே தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழையையும் பார்க்காமல் பிள்ளை குட்டிகளோடு வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஓடுகிற மெஷினைக் கண்டால் நம் எல்லோருக்கும் பயம் இருக்கிறது. நின்ற மெஷினைக் கண்டால் அந்தப் பயம் விட்டுப்போகிறது. துப்புரவு செய்யவும், பழுது பார்க்கவும், பெல்ட் மாட்டவும் கையை உள்ளே விடுவது அப்போதுதான். விரல் போவதும் அப்போதுதான்.

என் சொந்த ஊர் மன்னார்த் தீவிலே தாராபுரம். உங்கள் பாட்டன் பூட்டன்மாரில் எத்தனையோ பேர் அந்தக் கரையில் இறங்கித்தான் காட்டு வழியாக மலைநாட்டுக்கு நடந்தார்கள். எனது வாப்பா கடல் தொழிலாளி. போட் எஞ்சினின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் ஒருவர் தண்ணீரில் இறங்கி அதை வெட்டிவிட வேண்டும். வாப்பா இறங்கும் முன் எஞ்சினை நிறுத்துவார். அதோடு விடமாட்டார். எஞ்சினில் மாட்டியிருக்கும் சின்னக் கிளிப்பைக் கழற்றித் தன் மடியில் செருகிக்கொள்வார். அது இல்லாமல் எஞ்சின் ஓடாது. நான் சிறுவனாக இருந்தபோது, "மேலே இருக்கிறது மாமாதானே வாப்பா, அவரை நம்பக் கூடாதா?" என்று கேட்டேன். "நம்புறன் மகன். ஆனா அவரும் மனுசன், மறந்திடுவார். இது என் மடியில இருந்தா அவர் மறந்தாலும் என் கால் இருக்கும்" என்றார்.

எந்தத் தொழிற்சாலைக்கும் இதுவே போதுமான பாடம் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் வேலைக்கு வந்த காலத்தில் நான் அதை மறந்துவிட்டேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இராத்திரி வேலை முடிகிற நேரம். றோலர் மேசையில் ஒட்டிப் பிடித்த கொழுந்தைச் சுரண்டுவதற்காக ஒருவர் கையை உள்ளே விட்டிருந்தார். மறுபக்கம் நின்ற பையனுக்கு அது தெரியாது. துப்புரவு முடிந்துவிட்டது என்று எண்ணிப் பட்டனை அழுத்தினான். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. விசாரணை நடந்தது. "யார் அழுத்தினது?" என்பது ஒன்றுதான் கேள்வி. பையன் அழுதான், பிறகு வேலையை விட்டே போய்விட்டான். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "தொழிலாளர் கவனயீனம்" என்று எழுதினேன். எழுதியது இந்தக் கைதான்.

ஒரு வாரம் கழித்து அவருடைய மனைவி என்னிடம் வந்தார். "ஐயா, எங்க வீட்டுக்காரர் பதினெட்டு வருசமா அந்த றோலர்ல வேலை செஞ்சாரு. பதினெட்டு வருசம் கவனமா இருந்தவரு அன்னைக்கு மட்டும் எப்படிங்க கவனயீனமானாரு?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சுவிட்ச் பெட்டியில் ஒரு பூட்டு இருந்ததா என்று நான் கேட்கவில்லை. மறுபக்கம் நிற்பவருக்கு யார் சொல்ல வேண்டும் என்று கேட்கவில்லை. கவனயீனம் என்று ஒரு சொல்லை எழுதினால் விசாரணை முடிந்துவிடுகிறது. மறுநாளும் அதே றோலர், அதே பூட்டில்லாத சுவிட்ச். இன்றைக்கு அந்த அறிக்கை என் கைக்கு வந்தால் அப்படி எழுத மாட்டேன்.

இது நமக்கு மட்டும் நடக்கிற காரியம் அல்ல. பெரிய படிப்புப் படித்தவர்கள் வேலை செய்கிற இடத்திலும் நடந்திருக்கிறது. ஸ்கொட்லாந்துக்குப் பக்கத்துக் கடலில் 'பைப்பர் அல்பா' என்று எண்ணெயும் வாயுவும் எடுக்கிற மேடை ஒன்று இருந்தது. 1988 ஜூலை 6ஆம் திகதி பகல் முறைக்காரர் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றினார்கள். வேலை முடியவில்லை. குழாயின் வாயை ஒரு தகட்டால் மூடிவிட்டுப் போனார்கள். அந்தச் செய்தி இரவு முறைக்காரரிடம் சரியாகப் போய்ச் சேரவில்லை. இராத்திரி மற்றப் பம்ப் நின்றுபோனது. உடனே வால்வு இல்லாத பம்ப்பை ஓட்டினார்கள். வாயு கசிந்து தீப்பிடித்தது. 167 பேர் இறந்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டிய ஒரு செய்தி போய்ச் சேராததால் அத்தனை உயிர்.

ஆகவே நாம் என்ன செய்ய வேண்டும்? ஐந்து காரியம். விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒன்று, சொல்லுதல். இன்ன மெஷினில் கை வைக்கப் போகிறேன் என்று டீமேக்கர் ஐயாவுக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும், வேலை முறை மாறும்போது அடுத்து வருபவருக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டு, மின்சாரத்தை வெட்டுதல். மெஷினில் உள்ள பட்டனை அமத்தினால் மட்டும் போதாது. மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும்.

மூன்று, பூட்டுதல். அந்தச் சுவிட்சுக்கு ஒரு பூட்டுப் போட்டு, பெயரும் நேரமும் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். எங்கள் ஊரில் திறப்பு என்போம், நீங்கள் சாவி என்பீர்கள். அது உள்ளே கை வைக்கிறவருடைய சட்டைப் பையில் இருக்க வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. ஒருவர் பூட்டை இன்னொருவர் கழற்றக் கூடாது, அவர் துரையாக இருந்தாலும் சரி.

நான்கு, சோதித்தல். பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருதரம் அழுத்திப் பாருங்கள். ஓடாவிட்டால்தான் சரியான சுவிட்சைப் பூட்டியிருக்கிறோம். வாட்டும் தொட்டியின் விசிறி சுவிட்சை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சுற்றும். அது முழுசாக நிற்கும்வரை பொறுத்திருங்கள்.

ஐந்து, எண்ணுதல். வேலை முடிந்ததும் ஆட்களை எண்ணி, சாமான்களை எண்ணி, கழற்றிய காப்பு மூடியைத் திரும்பப் போட்ட பிறகுதான் பூட்டைத் திறக்க வேண்டும்.

மின்வெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். "கரண்ட் இல்லைதானே, இந்த நேரத்தில் துப்புரவு செய்வோம்" என்று கை வைப்பது நமது வழக்கம். கரண்ட் வருகிற நேரம் யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டரை வேறொருவர் போட்டும் விடலாம். கரண்ட் போன மெஷின் காத்துக்கொண்டிருக்கிற மெஷின். அதற்கும் பூட்டு வேண்டும்.

தொட்டி, கிணறு, மலக்குழி துப்புரவு செய்வதும் பராமரிப்பு வேலைதான். 2018 ஏப்ரலில் ஹொரணைப் பக்கம் பெல்லப்பிட்டியவில், ஓர் இறப்பர்த் தொழிற்சாலையின் அமோனியாத் தொட்டிக்குள் ஒரு தொழிலாளி விழுந்தார். காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல மனதோடு மற்றவர்கள் உள்ளே போனார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். உள்ளே விழுந்தவர் மயங்கிக் கிடந்தால் அங்கே மூச்சுவிட முடியாது என்று அர்த்தம். பின்னால் குதிக்காதீர்கள். ஆள் கூப்பிடுங்கள், கயிறு போடுங்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020 மே 7ஆம் திகதி ஒரு கொதிகலன் வெடித்தது. காயப்பட்டவர்களில் சிலர் பிறகு இறந்தார்கள். இரண்டு மாதம் ஆகவில்லை, ஜூலை 1ஆம் திகதி அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன் வெடித்தது. அன்றைக்கே ஆறு பேர் இறந்தார்கள், பிறகு இன்னும் பலர். முதல் விபத்தின் பாடத்தைப் படித்து முடிக்கும் முன் இரண்டாவது வந்துவிட்டால் யார் தாங்குவது? நமது தொழிற்சாலையில் கை தப்பியது, பெல்ட் அறுந்து தலைக்கு மேலால் போனது என்று எத்தனை நடக்கிறது! "நல்ல காலம், கடவுள் காப்பாற்றினார்" என்று சொல்லி மறந்துவிடுகிறோம். கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள், அதோடு டீமேக்கர் ஐயாவிடமும் சொல்லுங்கள். புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் பொறுப்பு யாருக்கு? முதல் பொறுப்பு நிர்வாகத்துக்கு. இதை நிர்வாகத்தார் முன்னிலையிலேயே சொல்கிறேன். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆபத்தான மெஷின் பாகங்களுக்குக் காப்பு வேலி போட வேண்டும் என்கிறது. பூட்டு வாங்கிக் கொடுப்பதும், துப்புரவுக்கு நேரம் ஒதுக்குவதும் நிர்வாகத்தின் வேலை. "கொழுந்து குவிஞ்சு கிடக்கு, சீக்கிரம் முடி" என்று அவசரப்படுத்திவிட்டுப் பிறகு கவனயீனம் என்று எழுதுவது நியாயம் இல்லை. காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் எந்த நட்டஈடும் விரலைத் திருப்பித் தராது.

அடுத்த பொறுப்பு நமக்கு. பூட்டுத் தந்தால் போட வேண்டும். "இருபது வருசமா இப்படித்தான் செய்றோம்" என்று பெரியவர்கள் சொன்னால் இளையவர்கள் அதைத்தான் பழகுவார்கள். "நிறுத்துங்க, பூட்டுப் போடலை" என்று ஒரு பையனோ, ஒரு பெண்பிள்ளையோ சொன்னால் சிரிக்காதீர்கள். அந்தக் குரல்தான் உங்கள் விரல்.

தாய்மாரே, உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். இரவு வேலைக்குப் போகிறவரிடம், "சாப்பாட்டுப் பெட்டி எடுத்தாச்சா?" என்று கேட்கிறீர்கள். அதோடு "பூட்டு எடுத்தாச்சா?" என்றும் கேளுங்கள். அவர் "பூட்டே தரலை" என்றால் என்னிடம் வாருங்கள். நான் எழுதுகிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஒருமுறை தவறாக எழுதிய கை இது. இனி சரியாக எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

போன கை போன மாதிரியே முழுசாக வீட்டுக்கு வரட்டும்.