நெடுந்தீவில் ஒரு நாள்
(சாகுபுரம் ஆதரவாளர் கூட்டத்தில் அளித்த உரை)



முத்துக்குளித்த கரையில் வாழும் உங்களுக்குக் கடலைப்பற்றி நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இலங்கையின் வடகோடியில், பாக்கு நீரிணையில் இருக்கும் நெடுந்தீவைச் சுற்றிப் பார்த்த கதையைக் கேட்க விரும்பினீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான் துறைக்குச் சென்றோம். அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம். அரிசி மூட்டை, காய்கறிக் கூடை எல்லாம் நம்மோடுதான் வருகின்றன. இந்தக் கடல் வழியில்தான் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வந்தவர்களில் பலர், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். தீவு மக்கள் ஆண்டுதோறும் அந்நாளை நினைவுகூருகிறார்கள்.

மாவிலித்துறையில் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தோம். தீவின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். வேலிகளெல்லாம் பவளப்பாறைக் கற்கள். சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். வெட்டவெளியில் மட்டக்குதிரைகள் கூட்டமாக மேய்கின்றன. ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வம்சம் அவை. கடுங்கோடையில் குடிக்க நீரின்றிச் செத்துப்போவதும் உண்டு. பிறகு பெருக்க மரம். ஆப்பிரிக்காவில் வளரும் இந்த மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். அடிமரத்தின் பொந்துக்குள் நாங்கள் நான்கு பேரும் நின்றோம், இன்னும் இடமிருந்தது!

ஒல்லாந்தர் கோட்டையும் பவளக் கல்லால் கட்டியதே. இப்போது இடிந்த சுவர்கள்தாம் மிச்சம். அதன் அருகிலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அதைக் கண்டதும் கோட்டை எங்களுக்கு மறந்துபோயிற்று. தொழில் புத்தி, வேறென்ன!

தீவாரின் கஷ்டம் அங்கேதான் விளங்கியது. சாதாரண நோய்க்கு அங்கேயே மருந்து உண்டு. நோய் கடுமையானால் யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நடுராத்திரியில் வலி கண்டால் நீங்கள் 108-ஐ அழைப்பீர்கள், தூத்துக்குடிவரை தார்ரோடு. அவர்களுக்கோ முதலில் படகு கிடைக்கவேண்டும். எத்தனையோ முறை கடற்படைப் படகுதான் நோயாளியைக் கரைசேர்த்திருக்கிறது. குறிகட்டுவானை அடைந்த பிறகும் சாலைப் பயணம் மீதியிருக்கிறது. காலையில் நாங்கள் காற்று வாங்கிக்கொண்டு ரசித்து வந்த அதே ஒரு மணி நேரம், ரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

திரும்பும் படகில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, துணிப்பையை மடியில் வைத்தபடி தன் தாயோடு உட்கார்ந்திருந்தாள். வலி எடுத்துவிட்டதோ என்று பதறி விசாரித்தோம்.

"இல்லையம்மா, இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. காத்து எழும்பினா படகு ஓடாது. அதுதான் முந்தியே கூட்டிக்கொண்டு போறன்" என்றார் தாயார்.