ஆசிரியரை மே மாதத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்

(அறக்கட்டளையின் கல்விக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



சென்னையில் நம் பள்ளிகள் பலவற்றில் ஒரே வழக்கம்தான். மே மாதம் இடம் காலியாகிறது, விளம்பரம் கொடுக்கிறோம், ஜூனில் கிடைத்தவரை வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம். நல்லவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். அவரைக் கல்லூரியிலேயே தேடியிருக்க வேண்டும்.

கணிதத்தையும் இயற்பியலையும் ஆசையோடு படிக்கும் பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். ஆனால் 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. மூன்று ஆண்டு பட்டம், பிறகு இரண்டு ஆண்டு, அதன் பின் டெட் தேர்வு. வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம் மூத்த பிள்ளையின் சம்பளத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்குமா? அவன் கால் சென்டருக்குப் போய்விடுகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆகவே பட்டப்படிப்பின் இறுதியாண்டிலேயே இவர்களைக் கண்டறிந்து, பி.எட். கட்டணத்தையும் பஸ் செலவையும் அறக்கட்டளை ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். இத்தனை ஆண்டு நம்மிடமே இருக்க வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்க வேண்டாம். பத்திரத்துக்காக நிற்பவர் பாடத்தில் மனம் வைக்க மாட்டார்.

நேர்காணலில் சான்றிதழைப் புரட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். கரும்பலகை முன் நிறுத்துங்கள். அரையைக் காலால் வகுத்தால் இரண்டு வருவது ஏன் என்று ஐந்தாம் வகுப்புக்கு விளக்கச் சொல்லுங்கள். 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்று விதியை ஒப்பிப்பவர் பலர். அரை ரொட்டியில் கால் ரொட்டித் துண்டு எத்தனை இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்பவர் சிலர். அவர்தாம் நமக்கு வேண்டும். வீட்டில் உர்தூ பேசும் பிள்ளையும் தமிழ் பேசும் பிள்ளையும், வேலை தேடி வந்த இந்திக்காரர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கும் நகர வகுப்பில் ரொட்டி எல்லோருக்கும் புரியும்.

சிறுபான்மைப் பள்ளிகளுக்கு டெட் கட்டாயமா என்ற கேள்வியை, 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வின் பரிசீலனைக்காகத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. முடிவு எதுவானாலும், நம் பிள்ளைகளுக்கு மட்டும் குறைந்த தகுதியுள்ள ஆசிரியர் போதும் என்று நாம் வாதாடக் கூடாது. தேர்வுப் பயிற்சிக்கும் நாமே உதவலாம்.

இன்னொன்று, சேர்ந்த முதல் ஆண்டு. யாரும் எடுக்க விரும்பாத வகுப்பைப் புதியவர் தலையில் கட்டுகிறோம். அட்மிஷன் வேலையும் அவருக்கே. பாடவேளைகளைக் குறையுங்கள். மூத்த ஆசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறை பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, தனியே அழைத்துச் சொல்லட்டும், தலைமையாசிரியர் அறையில் அல்ல.

இறுதியாண்டு படிக்கும் மாணவ மாணவியரின் பெயர்களை இம்மாதத்துக்குள் அலுவலகத்தில் கொடுங்கள். மகளின் பெயரைத் தரத் தயங்கும் தகப்பனார்களிடம் நானே வந்து பேசுகிறேன், இன்ஷா அல்லாஹ்.