பேங்கில் பணம் இறுகினால் நமக்கென்ன?

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"கத்தி பிடிக்கும் கைக்குப் பேங்கு விவகாரம் எதற்கு? அது முதலாளிமார் கவலை" என்று சொல்வோர் நம்மில் உண்டு. அது சரியன்று. பேங்கில் பணம் இறுகினால் முதலில் அடிபடுவது உழைப்பவன் வயிறுதான்.

பேங்கு கடன் கொடுப்பது பெரும்பாலும் ஊரார் போட்டுவைத்த பணத்தை. ஆகவே அதற்கு இரண்டு கடிவாளங்கள் உண்டு. முதலாவது, வாங்கிய பணத்தில் ஒரு பங்கை வட்டியில்லாமல் பேங்க் நெகாராவிடம் கட்டிவைக்க வேண்டும். 1998 தொடக்கத்தில் அந்தப் பங்கு 100 வெள்ளிக்கு 13.50 வெள்ளி. இரண்டாவது, கம்பெனிகளுக்கு 100 வெள்ளி கடன் கொடுத்தால் பேங்கின் சொந்தக் கைமுதல் குறைந்தது 8 வெள்ளியாவது இருக்க வேண்டும். கொடுத்த கடன் திரும்பாவிட்டால் அந்த நட்டம் கைமுதலில்தான் விழும். கைமுதலில் 8 வெள்ளி கரைந்தால் 100 வெள்ளி கடன் கொடுக்கும் சக்தியே போய்விடும்.

இனி நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 1997 ஜூலையில் வெள்ளியின் மதிப்பு சரிந்தது. டாலருக்கு இரண்டரை வெள்ளி என்றிருந்தது 1998 ஜனவரியில் 4.88 வரை போயிற்று. வெள்ளியைக் காக்க வட்டியை ஏற்றினார்கள். அதே ஜனவரியில் இன்னொரு விதியும் இறுகியது. ஆறு மாதம் கட்டாத கடனே வாராக்கடன் என்றிருந்தது, மூன்று மாதம் என்றாயிற்று. நல்ல காலத்தில் இது நல்ல விதிதான். புயல் அடிக்கும்போது கொண்டுவந்ததால் பேங்குகள் பயந்து கதவைச் சாத்தின. கடன் கிடைக்காத கான்ட்ராக்டர் வேலையை நிறுத்தினார். தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன நம் பிள்ளைகளும் அங்கேதான் வேலை செய்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் 7.4 சதவீதம் சுருங்கியது. வேலையிழந்தோர் 80,000 பேருக்கு மேல்.

பிறகு கடிவாளத்தைத் தளர்த்தினார்கள். 13.50 வெள்ளி பிப்ரவரியில் 10, ஜூலையில் 8, செப்டம்பரில் 6, அதே மாதத்தில் 4 என்று இறங்கியது. வாராக்கடன் விதியும் பழையபடி ஆறு மாதமாயிற்று. டாலருக்கு 3.80 வெள்ளி என்று கட்டினார்கள். கடன் 8 சதவீதம் வளர வேண்டும் என்று இலக்கும் வைத்தார்கள். ஆனால் அந்த ஆண்டில் இலக்கு எட்டப்படவில்லை. ஏன்? பெட்டியில் பணம் இருந்தால் மட்டும் போதாது, தோழர்களே! போன கடனே திரும்பாதபோது புதுக்கடன் கொடுக்க எவன் துணிவான்? அதற்காகத்தான் டானாஹர்த்தா வாராக்கடனை வாங்கிக்கொண்டது. டானாமோடால் பேங்குகளுக்குக் கைமுதல் போட்டது. 1999இல் பொருளாதாரம் மீண்டும் வளர்ந்தது.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா? வேண்டும்! 1986ஐ நினைத்துப் பாருங்கள். பொதுமக்களிடம் பணம் வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. பேங்குகளுக்கு இருந்த கடிவாளம் அவற்றுக்கு இல்லை. சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள் தங்கள் பணத்துக்கே காத்துக் கிடந்தார்கள். மழைக்கு முன் கூரை வேய வேண்டும். மழை கொட்டும்போது ஓட்டைப் பிரிக்கக் கூடாது. இதுவே நாம் சொல்வது.

2025 மே மாதம் பேங்குகள் கட்டிவைக்க வேண்டிய பங்கு 2 வெள்ளியிலிருந்து 1 வெள்ளியாயிற்று. ஜூலையில் பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டியும் 3 சதவீதத்திலிருந்து 2.75 ஆயிற்று. இது பத்திரிகையில் மூலையில் வரும் செய்தி. ஆனால் வீட்டுக் கடன் வாங்கியவருக்கு இது மாதத் தவணைச் செய்தி.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், வட்டி நிலையானதா, ஏறி இறங்குவதா என்று கேட்போம். கிராணிமார்கள் அதைப் படித்துச் சொல்லி உதவ வேண்டும். சேமிப்பைப் போடுமுன், அந்த இடத்துக்கு வைப்புப் பாதுகாப்பு உண்டா என்று பார்ப்போம். உறுப்பினர் பேங்கு ஒன்றில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை உண்டு, கூட்டுறவுச் சங்கங்களில் போட்ட பணத்துக்கு அது இல்லை. பேங்கு விதிகள் மாறும்போது, லயத்தை விட்டு வெளியேறும் குடும்பங்களுக்கு வீட்டுக் கடன் அடைபடாதிருக்கச் சங்கத்தின் வழியாகக் குரல் கொடுப்போம்.

பேங்கில் இருப்பது நம் வியர்வையும்தான். அதைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.